பொட்டு ஒட்டிய படம்

அத்தியாயம் 19

“இட்லி ஆறிப்போச்சு.”

“பசிக்கலம்மா.”

“நேத்து சாயங்காலமும் பசிக்கல. கம்பெனியில விருந்து கிருந்து போட்டாங்களா?”

சுனிதா தட்டைத் தள்ளி வைத்தாள். எல்லம்மா சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியின் முன் நின்று, அட்டையிலிருந்து ஒரு பொட்டை உரித்தாள். மெரூன் நிறம், கடலைப்பருப்பு அளவு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே நிறம், அதே அளவு. அல்சூர் பஜாரில் ஒரே கடையில்தான் வாங்குவாள்.

“அவளுக்கு ஏன் பசிக்கலன்னு எனக்குத் தெரியும்,” என்றார் கட்டிலிலிருந்து பெருமாள்சாமி. “ஆபீசர் ஆயிட்டா. ஆபீசருங்க காலையில காபிதான் குடிப்பாங்க.”

“நீ ரெடியாய்யா? எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும்.”

“இருக்கேன், இருக்கேன். வாரத்துக்கு ரெண்டு தடவ தோச்சுப் பிழிஞ்சு கொடியில போடறாங்க. என் சட்டைக்குக்கூட இவ்ளோ மரியாதை கெடையாது.”

அவர் சிரித்தார். எல்லம்மாவும் சிரித்தாள். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி முடிச்சு முடிச்சாக வீங்கிய தன் இடது கையைப் பெருமாள்சாமி போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். ஆட்டோ ஓட்டிய கை. சிறுநீரகம் இரண்டும் நின்றுபோன பிறகு, எல்லம்மாவின் வேலையோடு வந்த ஈ.எஸ்.ஐ. மருத்துவ அட்டைதான் அவரை ஓட்டிக்கொண்டிருக்கிறது. சுனிதாவுக்கு ஒப்பந்த வேலை. அவளுக்கு அட்டை கிடையாது.

நேற்று மாலை சுனிதாவின் போனில் வந்து விழுந்த பட்டியலோடு போன அத்தியாயத்தில் நாம் நின்றோம். வேலையை விட்டு அனுப்பப் போகிற நாற்பத்திரண்டு பேரின் பெயர். பதினேழாவது பெயர், எல்லம்மா.

இன்று மூன்று மணிக்கு அதை எல்லோர் முன்னாலும் வாசிக்கப் போகிறார்கள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் கெளம்பறேன்.”

“இன்னிக்கு என்னோட மெட்ரோல வாயேன்மா.”

“ஐயையோ! அப்புறம் அவளுங்க என்னைச் சும்மா விடுவாளுங்களா? ‘ஆபீசரோட அம்மா வந்துட்டாங்க, நாற்காலி போடு’ன்னு ஒரு வாரம் ஓட்டுவாளுங்க. எனக்கு என் கம்பெனி பஸ்ஸு, ராஜி பக்கத்துல என் சீட்டு. போதும்.”

வாசலில் செருப்பை மாட்டியவள் திரும்பினாள்.

“ஏண்டி, இன்னிக்கு மீட்டிங்ல புது லைன் விஷயந்தானே சொல்லப் போறாங்க? உக்காந்து செய்யற வேலையாமே. நாற்காலிக்கு முதுகு வெச்சிருக்குமா, வெறும் முக்காலியா?”

“முதுகு வெச்சதும்மா.”

“அப்பாடா,” என்றாள் எல்லம்மா.

*

அந்தத் தொழிற்சாலை வைட்ஃபீல்டில் இருக்கிறது. வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் செய்து தருகிறது. இருநூற்று அறுபது பெண்கள் எட்டு மணி நேரம் நின்றபடி, பலகையில் ஒயரை வளைத்து, டேப் சுற்றிக் கட்டுவார்கள். இனி பெட்ரோல் வண்டி ஒயர் குறையும். பேட்டரி வண்டிக்கான தடித்த ஆரஞ்சு ஒயர் வரும்; அதுதான் புது லைன். கூரையில் சூரியத் தகடு போட வேண்டும், கழிவைக் குறைக்க வேண்டும், வேலை செய்கிறவர் உடம்பும் கெடக்கூடாது என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் நிபந்தனை போட்டிருந்தார்.

“இந்த மாற்றத்தை மெஷின்லேர்ந்து தொடங்க வேண்டாம். மனுஷங்ககிட்டேர்ந்து தொடங்குவோம்,” என்று முதலாளி கஸ்தூரிரங்கன் மேடையில் சொன்னார். அதற்கென்று ஒரு குழுவும் போட்டார். சுனிதா அந்தக் குழுவில் வேலைக்கு வந்தவள்.

ஜூலையில் அவள் ஆளுயரத் துணியில் ஒரு பெண் உடம்பை வரைந்து கேன்டீன் சுவரில் மாட்டினாள். “எங்க ரொம்ப வலிக்குதோ அங்க ஒரு வட்டம் ஒட்டுங்க. ஆளுக்கு ஒண்ணு. பேர் எழுத வேண்டாம்.”

மூன்று நாள் யாரும் கிட்டே வரவில்லை. எல்லம்மாதான் ஒவ்வொருத்தியாகப் பேசிக் கூட்டி வந்தாள். “என் பொண்ணு கேக்கறாடி. பேரு எழுத வேணாமாம், பயப்படாதீங்க.”

ஆபீஸ் கொடுத்த சிவப்பு வட்டம் துணியில் ஒட்டவில்லை. ஒட்ட ஒட்ட உதிர்ந்தது. யாரோ ஒருத்தி சிரித்துக்கொண்டே தன் நெற்றிப் பொட்டை எடுத்துப் படத்தின் முழங்காலில் ஒட்டினாள். அது நின்றது. அப்புறம் எல்லோரும் அப்படியே செய்தார்கள். நாற்பத்திரண்டு பெண்கள், நாற்பத்திரண்டு பொட்டுகள். மற்றவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தி பெயர்கூடப் பட்டியலில் இல்லை.

*

“உள்ள வாங்க, சுனிதா. காபி?”

“வேண்டாம் சார். லிஸ்ட் பார்த்தேன்.”

கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “அம்மா பேர் இருக்கு. தெரியும். நானே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். தைரியம் வரலை.”

“வலி இருக்கறவங்களுக்கு வேலையை லேசாக்கத்தானே சார் அந்தப் படம்?”

“அதுக்குத்தான். சத்தியமா அதுக்குத்தான். எல்லாரையும் புது லைனுக்கு மாத்தணும்னுதான் என் முதல் திட்டம். ஆரஞ்சு ஒயர் கனம், சுனிதா. ஏற்கெனவே அடிபட்ட உடம்பை அதுல உக்கார வெக்கக் கூடாதுன்னு நம்மகிட்ட ஒயர் வாங்கறவங்க எழுதிக் கேக்கறாங்க. அப்படி ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா ஆர்டர் போயிடும். ஆர்டர் போனா இருநூத்து அறுபது பேரும் வீட்டுக்கு.”

“பேக்கிங்ல போடலாமே?”

“அங்க மெஷின் வருது.”

“கேன்டீன்?”

“வெளி கான்ட்ராக்டுக்கு விட்டாச்சு. எல்லா வழியும் போட்டுப் பார்த்துட்டேன். நெலமை மாறும்போது தலைமையில இருக்கறவன் திட்டத்தை மாத்திக்கணும்னு நான் ஊர் ஊராப் போய்ப் பேசியிருக்கேன். மாத்திக்கிட்டேன்.” அவர் ஜன்னலைப் பார்த்தார். “வலிக்கிற வேலையில யாரையும் வெச்சுக்க மாட்டேன்னு மேடையில வாக்கு குடுத்தேன் இல்லையா? அந்த வாக்கைத்தான் இப்போ காப்பாத்தறேன்.”

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் சுனிதாவுக்குத் தாங்கவில்லை.

“பேர் எழுத வேண்டாம்னு சொல்லி ஒட்ட வெச்சோம் சார். பேர் எப்படி வந்தது?”

கஸ்தூரிரங்கன் நிமிர்ந்தார். முகத்தில் நிஜமான ஆச்சரியம்.

“நீங்கதானே சொன்னீங்க?”

அப்போதுதான் அவளுக்கு அந்த வீடியோ நினைவுக்கு வந்தது.

ஆகஸ்டில் வாங்குகிறவர்கள் வந்திருந்தார்கள். கேமரா வைத்தார்கள். ‘உங்க பாஷையிலேயே பேசுங்க, அதுதான் உண்மையா இருக்கும்’ என்றார்கள். சுனிதா அந்தப் படத்தின் முன் நின்று பெருமையாகப் பேசினாள். சின்ன வயதிலிருந்து பார்த்த நெற்றிகள். ஆயுத பூஜைக்கு அம்மாவோடு வந்து, அந்தப் பெண்களின் மடியில் உட்கார்ந்து பொரி தின்றவள் அவள். ஒவ்வொரு பொட்டும் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

“அன்னிக்கு நான் அழுதேன், சுனிதா. வந்தவங்களும் அழுதாங்க. ‘இவ்வளவு மனுஷத்தனமான கம்பெனியை நாங்க பார்த்ததில்லை’ன்னாங்க. அப்புறம் நீங்க சொன்ன பேருங்களையே எழுத்துல போட்டுக் கேட்டாங்க.”

கஸ்தூரிரங்கன் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அம்மா பேர் தப்புன்னு உங்களால சொல்ல முடிஞ்சா, மூணு மணிக்குள்ள ஹெச்.ஆர். ஹரிஷ்குமாருக்கு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன். ஆனா படத்துல அந்தப் பொட்டு இருக்கு. நாற்பத்திரண்டுன்னு அவங்க எண்ணி வெச்சிருக்காங்க. அது அம்மாவோடது இல்லைன்னா வேற யாரோடதுன்னு எழுதணும்.”

*

மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது.

“சக்கரம் வெச்ச நாற்காலியாம், ராஜி.”

“உருண்டு ஓசூர் போயிடப் போற, அக்கா.”

“போனா போறேன். அங்க வெயிலு கம்மியாம்.”

“ஊரு பூரா வெயிலு. உனக்கு மட்டும் நெழலு வெச்சிருப்பாங்களா?”

ராஜலக்ஷ்மி இடது கையால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். வலது கை மடியில் கிடந்தது. நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு மட்டும். கணவன் போய் இரண்டு வருஷமாகிறது. இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில்.

“அம்மா, ஒரு நிமிஷம்.”

“சாப்பிட விடுடி.”

“வாம்மா.”

தண்ணீர்த் தொட்டியின் பின்னால் வைத்து சுனிதா சொன்னாள். பட்டியல், மூன்று மணி, பதினேழாவது பெயர். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

எல்லம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

“அட்டை?”

“உடனே நிக்காது. கொஞ்ச மாசம் ஓடும்.”

“அப்புறம்?”

சுனிதா தொட்டிச் சுவரை நகத்தால் கீறினாள்.

“சரி. என் பொட்டு எங்க ஒட்டியிருக்குன்னு போட்டிருக்காங்க?”

“வலது தோள்ல.”

எல்லம்மாவின் முகம் மாறியது. சிரிக்கப் போகிறாள் போலிருந்தது.

“எனக்குத் தோள் வலிக்கலையேடி. எனக்குக் கணுக்காலு.”

“என்னம்மா சொல்ற? அது உன் பொட்டு. மெரூன். எனக்குத் தெரியாதா?”

“பொட்டு என்னோடதுதான். வலி ராஜியோடது.”

சுனிதா அம்மாவையே பார்த்தாள்.

“அன்னிக்கு எல்லாரும் நெத்தியிலேர்ந்து எடுத்து ஒட்டறாளுங்க. இவ வெறும் விரலை வெச்சுக்கிட்டு படத்துக்கு முன்னாடி நிக்கறா. எடுத்து ஒட்ட நெத்தியில ஒண்ணும் இல்ல. திரும்பிப் போகப் பார்த்தா. என்னோடதை எடுத்து அவ விரல்ல வெச்சு, ‘படத்துலதானே ஒட்டப் போற, ஒட்டுடி’ன்னேன். ஒட்டினா. ஆளுக்கு ஒண்ணுதானே? என்கிட்ட இருந்த ஒண்ணு போச்சு. என் கணுக்காலு அப்படியே விட்டுப் போச்சு.”

சுனிதா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “அம்மா! அப்போ நீ லிஸ்ட்லயே வரக் கூடாது. மூணு மணிக்குள்ள எழுதினா பேரை எடுத்துடறேன்னு சார் சொல்லியிருக்காரு. உண்மையைத்தானே எழுதப் போறோம்?”

“எடுத்துட்டு?”

“உனக்குப் புது லைன். அட்டை ஓடும். அப்பா…”

“அது இல்ல. எடுத்துட்டு, அந்த எடத்துல இன்னா எழுதுவ?”

சுனிதாவின் பிடி தளர்ந்தது.

“குடுத்த பொட்டைப் போய் எப்படிடி திருப்பிக் கேக்கறது?”

“ராஜி அத்தை அந்தக் கையோட புது லைன்ல உக்காந்தா ஆறு மாசம்கூடத் தாங்காது. ஒயர் அவ்ளோ கனம். இப்ப இல்லைன்னா அப்ப அனுப்பிடுவாங்க. அவங்க எப்படியும் போகப் போறாங்கம்மா. நீயாவது இரு.”

“தெரியும். அவ போறது அவ தோளால போகட்டும். என் வாயால வேணாம்.”

“அப்பாகிட்டக் கேக்கலாம்.”

“கேக்காதே!” எல்லம்மாவின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. “அந்த மனுஷன் ‘ராஜி பேரைச் சொல்லாதே’ன்னுதான் சொல்வாரு. சொல்லிட்டு, செவுத்தப் பார்த்துப் படுத்துக்குவாரு. தான் சாகறதுக்குத் தானே சம்மதம் குடுக்க வெக்கணுமா அவரை?”

தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து கால்களை நனைத்தது. இருவரும் நகரவில்லை.

“ஆமா,” என்றாள் எல்லம்மா திடீரென்று. “பேரே எழுதலையே. எந்தப் பொட்டு யாரோடதுன்னு மேல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

சுனிதா வாயைத் திறந்தாள்.

“எல்லம்மா! ஊட்டா ஆயித்தா? பேகா பன்னி!” சாப்பாடு ஆயிற்றா, சீக்கிரம் வாருங்கள் என்று லைன் சூப்பர்வைசர் மஞ்சுநாத் கதவிலிருந்து கன்னடத்தில் கத்தினார்.

“பந்தே, பந்தே!” என்று, இதோ வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே எல்லம்மா ஓடினாள், கணுக்காலைத் தாங்கித் தாங்கி.

*

இரண்டரைக்கு அப்பா போன் செய்தார்.

“ஆச்சு ஆபீசரே. பிழிஞ்சு ஒதறிட்டாங்க. இன்னிக்கு சிஸ்டரு ரொம்ப நல்ல மூடு. வர்ற மூணு மாசத்துக்கும் தேதி போட்டுக் குடுத்துட்டாங்க. அட்டையைக் காட்டினேன், முத்திரை குத்திட்டாங்க.”

“சரிப்பா.”

“குரல் ஏன் இப்படிக் கீது?”

“ஏசிப்பா. தொண்டை கட்டிக்கிச்சு.”

“ஆபீசருங்க சீக்கு,” என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

சுனிதா கம்ப்யூட்டரைத் திறந்து ஹரிஷ்குமாருக்கு எழுதினாள். ‘பதினேழாவது பெயரில் ஒரு தவறு இருக்கிறது. வலது தோளில் உள்ள பொட்டு எல்லம்மாவின் வலியைக் குறிப்பது அல்ல. அது’

அதற்கு மேல் எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். நீளமான பெயர்கூட இல்லை, ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சின்ன வயதில் எத்தனை முறை கூப்பிட்டிருக்கிறாள். மூன்று மணி அடித்தபோது திரையில் ‘அது’ மட்டும்தான் மிச்சமிருந்தது.

அனுப்பவில்லை.

*

இருநூற்று அறுபது பேரும் கேன்டீனில் கூடினார்கள். மேசைகளை ஓரம் தள்ளியிருந்தார்கள். முன்னால் பெரிய வெள்ளைத் திரை.

“பெயர்களை வாசிக்கும் முன்னால்,” என்றார் ஹரிஷ்குமார் மைக்கில், “நம் சகோதரிகளின் உழைப்புக்கு மரியாதை செய்யும் விதமாக ஒரு சின்ன வீடியோ.”

சுனிதா எழுந்தாள். “சார், அது வேண்டாம்…”

விளக்கு அணைந்தது.

திரையில் சுனிதா. புதுச் சுடிதார், பின்னால் அந்தப் படம், முகமெல்லாம் சிரிப்பு. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. குரல் மட்டும் தமிழில், சுத்தமாக, பெரிதாக.

“பேர் எழுத வேண்டாம்னுதான் சொன்னோம். ஆனா எனக்கு எல்லாரையும் தெரியும். முழங்கால்ல இந்தக் கறுப்புக் கீத்து யசோதம்மா. இடுப்புல பாம்பு மாதிரி நெளியுதே, அது நஞ்சம்மா அத்தை. மணிக்கட்டுல பச்சை ஓரம் வெச்சது…”

முதலில் யாரோ ஒருத்தி தன் பெயரைக் கேட்டுச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையைக் கிள்ளினாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

“தோள்ல இருக்கற இந்த மெரூன் பொட்டு,” என்று திரையில் சுனிதா தொட்டுக் காட்டினாள், “எங்க அம்மாவோடது.”

எல்லம்மா திரும்பி மகளைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தாள். மதியம் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

விளக்கு எரிந்தது. கஸ்தூரிரங்கன் பேசினார். கைகூப்பினார். ஹரிஷ்குமார் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருத்தி எழுந்து நின்றாள். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், பெயர் சொன்னால் எழுந்துவிடுவார்கள்.

“பதினேழு. எல்லம்மா.”

எல்லம்மா எழுந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜலக்ஷ்மி முதலில் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அப்புறம் சுவரில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த படத்தின் வலது தோளைப் பார்த்தாள். அவள் உதடு ஏதோ முணுமுணுத்தது. கேள்வி கேட்கிறவர்கள் கையைத் தூக்குவது போல வலது கையைத் தூக்கினாள்.

தோளுக்கு மேல் கை எழவில்லை. பாதியில் நடுங்கி நின்றது.

“எறக்குடி,” என்றாள் எல்லம்மா, உதட்டை அசைக்காமல்.

“அக்கா…”

“எறக்கு. பசங்க ஸ்கூல்லேர்ந்து வர்ற நேரம். நேரா வீட்டுக்குப் போ.”

“பதினெட்டு,” என்றார் ஹரிஷ்குமார்.

*

கம்பெனி பஸ்ஸில் எல்லம்மாவின் சீட்டில் ஒரு பை இருந்தது. அதற்குப் பின் சீட்டிலும் ஒரு பை. யாரும் திட்டவில்லை. யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை. ‘பேரு எழுத வேணாமாம், பயப்படாதீங்க’ என்று கூட்டி வந்தவள் அவள்.

ராஜலக்ஷ்மியை பஸ்ஸில் காணோம்.

எல்லம்மா இறங்கினாள். கேட்டுக்கு வெளியே நின்றிருந்த மகளிடம் வந்தாள். இருவரும் நடந்து மெட்ரோ ஏறினார்கள். எல்லம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது.

“அம்மா, நான் வேணும்னு…”

“வேணும்னு செய்யல. தெரியும்.” ரயில் இரண்டு நிலையம் தாண்டியது. “வேணும்னு செஞ்சிருந்தா திட்டியாவது தீத்திருப்பேன்.”

“நீ ஒரு தடவையாவது திட்டும்மா.”

“வீட்டுக்குப் போனதும் அந்த மனுஷன் நாற்காலி எப்படின்னு கேப்பாரு. முதுகு வெச்சதுன்னு சொல்லிடு. இன்னிக்கு ஒரு நாள் அப்படியே இருக்கட்டும்.”

சுனிதாவின் போன் நடுங்கியது. கஸ்தூரிரங்கன் அனுப்பியிருந்தார்.

‘ராஜலக்ஷ்மி என் ரூம் வாசலில் நிற்கிறார். எதையோ திருத்த வேண்டும் என்கிறார். என்ன விஷயம் என்று தெரியுமா? உள்ளே கூப்பிடவா?’

“யாருடி?”

“ஆபீஸ்.”

“அதான் வாசிச்சு முடிச்சாச்சே. இன்னும் இன்னாவாம்?”

கூப்பிடுங்கள் என்று எழுதினால் அப்பாவுக்கு நாள் கிடைக்கும். வேண்டாம் என்று எழுதினால் ராஜி அத்தைக்கு ஆறு மாசம் கிடைக்கும். சுனிதா போனைக் கையில் வைத்தபடியே இருந்தாள். திரை மங்கியது. அவள் தொட்டாள். மறுபடி எரிந்தது.

எல்லம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்கவில்லை. நாள் முழுதும் வியர்த்ததில் நெற்றிப் பொட்டு புருவத்துக்கு இறங்கியிருந்தது. அதை எடுத்தாள். மறுபடி வைத்துக்கொள்ளவும் இல்லை, எறியவும் இல்லை. எங்கே ஒட்டுவது என்று தெரியாதவளைப் போல, விரல் நுனியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.